நிபுணரிடம் எதைக் கேட்பது, எதை நாமே முடிவெடுப்பது?

பெரும்போகத்துக்கு முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மட்டக்களப்போ அம்பாறையோ, காட்சி ஒன்றுதான். மேசையில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விவசாயப் போதனாசிரியரும், எதிரே வட்டவிதானைமாரும் (வயல்வெளிக்கும் அதன் தண்ணீருக்கும் பொறுப்பான விவசாயத் தலைவர்கள்) விவசாயிகளும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பொறியியலாளர் சொல்வார். அதை வைத்து எத்தனை ஏக்கர், எத்தனை மாத நெல், எப்போது விதைப்பு என்று கூட்டம் முடிவெடுக்கும். (சத்தம் போடுகிறவர் சொன்னதுதான் கடைசியில் நடக்கும் என்பது வேறு கதை.) தெரிந்ததைச் சொல்ல ஓர் ஆள், செய்வதைத் தீர்மானிக்க இன்னோர் ஆள். உணவு உற்பத்திக்குச் சட்டம் போடும்போது கோணலாகிப்போவது இந்தப் பிரிப்புத்தான்.

பெரிய தவறு, முடிவெடுத்த பிறகு நிபுணரைத் தேடுவது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழும் என்று விவசாயப் பேராசிரியர்கள் வெளியே நின்று கத்த வேண்டியிருந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது இங்கே பல வட்டைகளில் (வயல்வெளிகளில்) விதைத்தாயிற்று. யூரியா கிடைக்காமல் மஞ்சளித்து நின்ற வேளாண்மையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

அதே ஆண்டு சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிய கப்பல் வந்தது. மாதிரியில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொன்னது, விற்ற நிறுவனம் மறுத்தது. சரக்கு இறங்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் கொடுத்துத்தான் விவகாரம் முடிந்தது. பரிசோதனை முடிவு வருமுன் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான்.

அப்புறம், கேள்வியைக் குழப்புவது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், கிளைபோசேட் என்ற களைகொல்லி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றது. 2016 மேயில் அதே சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு, சாப்பாட்டு வழியாக அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. ‘விஞ்ஞானிகளே அடிபடுகிறார்கள்’ என்று கைவிரித்தவர்கள் பலர். யானை ஆளைக் கொல்லுமா என்பது ஒரு கேள்வி. வேலிக்கு அப்பால் நிற்கும் யானை இன்றிரவு உங்கள் வளவுக்குள் வருமா என்பது வேறு கேள்வி. முதலாவது அமைப்பு முன்னதையும் மற்றது பின்னதையும் பார்த்தன. நம் நாட்டிலோ சிறுநீரக நோய்க்கு அது காரணமோ என்ற சந்தேகத்தில் 2015இலேயே தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்ந்தது, மற்றவற்றுக்கு 2022இல்தான் நீங்கியது. நெல்லுக்கு 2018இல் ஏன் இல்லை? அது ஆய்வுகூடம் பதில் சொல்லும் கேள்வியே இல்லை, அரசியல். அதற்கு ‘நிபுணர் குழு சொல்லிற்று’ என்று ஒளிந்துகொள்வதும் தவறுதான்.

ஒழுங்காக நடந்ததும் உண்டு. மிகக் கொடிய பீடைநாசினிகளை 1995இலும், எண்டோசல்பான் என்ற பூச்சிகொல்லியை 1998இலும் தடுத்தார்கள். எவை உயிரைக் குடிக்கின்றன என்ற மருத்துவக் கணக்கும், பீடைநாசினிப் பதிவாளரின் சட்ட அதிகாரமும் அங்கே ஒன்றுசேர்ந்தன. நஞ்சருந்தி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

கடைசியாக இன்னொரு தவறு. ஒரு பரிசோதனைத் திடலில் கண்டதை முழு நாட்டுக்கும் விதியாக்குவது. வாவிக்கரை வயல்களில் உவர் ஏறும். அம்பலாந்தோட்டையில் உருவான ஏடி 354 போன்ற, உவரைத் தாங்கும் இனம் அங்கே வேண்டும். சிறுபோகத்தில் எந்தெந்த வரவை (வயல்துண்டு) உப்பேறி வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் என்பது வட்டவிதானைக்குத் தெரியும். சுற்றறிக்கை எழுதுகிறவர் அவரிடம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.