பூட்டிய தேதிகளைத் திறந்த கதை

சிறுசேரியில் ஒரு தரவு மையக் கட்டுமானத்தின் கால அட்டவணையை நான் பொறுப்பேற்றபோது, பிரைமவேரா என்னும் திட்டமிடல் மென்பொருளின் கோப்பில் தாமதம் எதுவும் தெரியவில்லை. ஆனால் டீசல் ஜெனரேட்டர்கள் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள்.

காரணம் எளியது. ஜெனரேட்டர் கொள்முதல் முழுவதும் அட்டவணையில் ஒரே வரியாக இருந்தது. அதன் முடிவுத் தேதியோ முன்பணிகளோடு இணைக்கப்படாமல் கையால் பூட்டப்பட்டிருந்தது. பூட்டிய தேதி நகராது. எனவே தாமதமும் கண்ணில் படாது.

முதலில் அந்தப் பூட்டுகளை நீக்கினேன். பிறகு அந்த வரியை வரைபடச் சமர்ப்பிப்பு, ஒப்புதல், தயாரிப்பு, தொழிற்சாலைச் சோதனை, கப்பல் பயணம், சுங்க அனுமதி எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு கோத்தேன். மறுகணக்கிட்டதும் திட்ட முடிவு 11 வாரம் தள்ளிப்போனது. அன்றைய கூட்டத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பை எழுதாமல் விடுகிறேன்.

அடுத்து, வெளி மின்சாரத்தைத் துண்டித்து, சர்வர்களுக்குப் பதிலாகச் செயற்கைச் சுமை ஏற்றி முழுக் கட்டடத்தையும் சோதிக்கும் ஐந்தாம் நிலைச் சோதனையிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டேன். சர்வர்கள் வைக்கும் முதல் கூடத்துக்கு 4 ஜெனரேட்டர்கள் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றை முன்னதாக அனுப்ப விற்பனையாளர் இசைந்தார். மின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்கியர் அறையின் கூரை வேலையையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடித்தோம். முதல் கூடம் 3 வாரத் தாமதத்தோடு ஒப்படைக்கப்பட்டது.