நடையோடு நிறுத்திவிடாதீர்கள்: அறுபதைக் கடந்தவர்களுக்கான கால்வலுப் பயிற்சி

முதியவர்களுக்கு உடற்பயிற்சி என்றாலே நம் ஊர்களில் நடைப்பயிற்சி என்றாகிவிட்டது. காலையில் பூங்காவிலோ மொட்டைமாடியிலோ அரை மணி நேரம் நடந்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால், தாழ்வான இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கும், பேருந்தின் முதல் படியில் ஏறுவதற்கும், ஈரமான குளியலறைத் தரையில் கால் வழுக்கும் கணத்தில் உடலைத் தாங்கி நிறுத்துவதற்கும் தொடை, இடுப்புத் தசைகளின் வலுவும் சமநிலையும் வேண்டும். சமதளத்தில் நடப்பது மட்டும் இவ்விரண்டையும் போதிய அளவு வளர்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக இயங்குவதோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலையையும் வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது.

"இந்த வயதில் இனி என்ன வலு வரப்போகிறது" என்று ஒதுங்குபவர்கள் ஓர் ஆய்வை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத்தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது என்று 1990இல் அந்த ஆய்வு வெளியானது. தசை வயதால் தளர்வது உண்மை. அதைவிட வேகமாக, வேலை கொடுக்காததால் தளர்கிறது. வேலை கொடுத்தால் தொண்ணூறிலும் அது மீள்கிறது.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டியவர்கள் சிலர் உண்டு: நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ அளவுக்கு மீறிய மூச்சுவாங்கலோ உள்ளவர்கள், அண்மையில் இதயத்திலோ மூட்டிலோ கண்ணிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அடிக்கடி விழுபவர்கள், எழுந்து நின்றதும் தலைசுற்றுபவர்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, எழும்போது அழுத்தத்தைச் சட்டென்று குறைக்கக்கூடியவை. ஆகவே தலைசுற்றலை வயதின் இயல்பு என்று விட்டுவிடாமல், மருந்தின் அளவு சரியாக உள்ளதா என்று கேட்டுத் தெளிவது நல்லது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாகாது. சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ எப்போதும் இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் கால்களின் இன்றைய நிலையை அறிந்துகொள்ளுங்கள். கைப்பிடியில்லாத, நேரான முதுகுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நடுப்பகுதியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் 30 விநாடி கணக்கிட, முழுமையாக எழுந்து நின்று மீண்டும் அமருங்கள். எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 11க்கும் குறைவாகவும், 75 முதல் 79 வயதில் ஆண்கள் 11க்கும் பெண்கள் 10க்கும் குறைவாகவும் எழுந்தால், அது சராசரிக்குக் கீழ்ப்பட்டது. விழும் வாய்ப்பும் கூடுதல். எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி சோதித்து அதன் அருகே எழுதினால், எந்த அறிவுரையும் தராத ஊக்கத்தை அந்த எண் தரும்.

அந்தச் சோதனையே முதல் பயிற்சியும் ஆகும். இதற்கு எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். டைல்ஸ் தரையில் அது பின்னால் நழுவும். கனமான மரநாற்காலியே ஏற்றது. பாதங்களை இடுப்பளவு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, உடலை முன்னால் சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். அமரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்க வேண்டும். இந்த மெல்ல இறங்கும் பகுதியிலும் தொடைத்தசை உழைக்கிறது என்பதால் அவசரப்படுவதில் பயனில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். எட்டு முதல் பத்து முறை எழுந்து, ஒரு நிமிடம் இளைப்பாறி, இன்னொரு சுற்றுச் செய்யுங்கள். கையூன்றாமல் எழவே முடியாதவர்கள் இருக்கையின் மேல் தலையணை ஒன்றை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். சில வாரங்களில் எளிதாகிவிட்டால், ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். கடைசி இரண்டு முறை கடினமாகத் தோன்றினால் சுமை சரியான அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

மற்றவற்றைச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். குதிகால்களை உயர்த்தி முன்பாதத்தில் நின்று மெல்ல இறங்குவது கெண்டைக்காலுக்கும், ஒரு காலை நேராகப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது இடுப்புக்கும் வலுவூட்டும். சமநிலைக்கு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியோடு ஒட்டி நேர்க்கோட்டில் நின்று பாருங்கள். முதலில் இரு கையாலும், பிறகு ஒரு விரலால் மட்டும் மேடையைத் தொட்டபடி. இப்படிப் பத்து விநாடி பிடிமானமின்றி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதல் என்பதால், அவர் அருகில் ஆள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய பயிற்சித் திட்டம், வீட்டிலேயே செய்யும் இத்தகைய கால்வலு, சமநிலைப் பயிற்சிகளாலும் நடையாலும் முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியிருக்கிறது.

முழங்கால் தேய்மானம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தொடைத்தசை. அது மெலிந்தால் வலி கூடுமே தவிரக் குறையாது. நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவதிலிருந்து அவர்கள் தொடங்கலாம். பயிற்சியின்போது சிறிது வலிப்பதில் தவறில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், மூட்டு வீங்கினால் இயன்முறை மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) பார்க்க வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, உடன் வருபவரோடு பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகமே மிதமான வேகம். வழவழப்பாகத் தேய்ந்த ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, குதிகாலைப் பிடிக்கும் காலணி அணியுங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

யோகாசனமும் நல்ல வழிதான். கோயம்புத்தூரைச் சேர்ந்த வி. நானம்மாள் தொண்ணூறு வயதுக்கு மேலும் ஆசனங்களைச் செய்துகாட்டி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் அவர் சிறு வயது முதல் பழகியவர். எழுபதில் தொடங்குபவர் சிரசாசனத்தையோ சர்வாங்காசனத்தையோ நாடாமல், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

தசை வளரப் புரதமும் வேண்டும். காலையில் இட்லி, இரவில் இரண்டு தோசை என்று சுருங்கிவிடும் முதியவர்களின் தட்டில் அதுதான் முதலில் குறைகிறது. ஒவ்வொரு வேளையிலும் சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

காய்ச்சலாலோ பயணத்தாலோ பயிற்சி சில வாரம் தடைபட்டால், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி அளவில் தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விழ நேரலாம் என்பதால், தரையிலிருந்து எழும் முறையையும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பழகிவிடுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களித்துத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து செல்ல வேண்டும். இருக்கையின் மேல் இரு கைகளையும் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கைகளாலும் அந்தக் காலாலும் உடலை உயர்த்தி, மெல்லத் திரும்பி அமர வேண்டும். உண்மையாகவே விழுந்த வேளையில் இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் எழ முயலக் கூடாது. அசையாமல் படுத்திருந்து, குரல் கொடுத்தோ கைப்பேசியிலோ ஆளை வரவழைத்து 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்ல வேண்டும். தனியாக வாழ்பவர்கள் குளியலறைக்குச் செல்லும்போதும் கைப்பேசியை எடுத்துச் சென்று, படுத்த நிலையிலும் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.