டோனர் பம்பைத் தொடும் முன்: பாலிப்ரொப்பிலீனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீயலை (வினையூக்கியைத் தூண்டும் ட்ரைஎத்தில் அலுமினியம்) காற்றில் திறக்காதே, ரியாக்டரில் ஈரம் விடாதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். புதியவர்கள் எலெக்ட்ரான் டோனரிடம், அதாவது சங்கிலியின் இடஒழுங்கைக் காக்க வினையூக்கியோடு சேர்க்கும் பொருளிடம், மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. எங்கள் செட்டும் அங்கேதான் மாட்டியது.

எக்ஸ்எஸ் ஏறியதும் டோனரைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எக்ஸ்எஸ், அதாவது பாலிமரில் சைலீனில் கரையும் பகுதி, இலக்கைத் தாண்டியதுமே கை நேராக வெளி டோனரான சிலேனின் பம்புக்குப் போகிறது.

அப்படிப் போவதற்கு ஒரு நியாயம் இருக்கிறதுதான். மெக்னீசியம் குளோரைடு மேல் ஏற்றிய டைட்டானியம் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பக்கத்தில் இடம் திறந்து கிடந்தால் ப்ரொப்பிலீன் எப்படி வேண்டுமானாலும் திரும்பி நுழையும். மீத்தைல் கிளைகள் தாறுமாறாக விழுந்து, பிசுபிசுக்கும் அடாக்டிக் கிடைக்கும். டோனர் அருகே உட்கார்ந்து நெருக்கினால் கிளைகள் ஒரே பக்கம் விழும்; அதுதான் ஐசோடாக்டிக். தாலேட் வினையூக்கியில், தயாரிக்கும்போதே சேர்த்த உள் டோனரான தாலேட்டை டீயல் கழற்றிக்கொண்டு போகும். காலியான இடத்தை வெளியிலிருந்து வரும் சிலேன் பிடிக்கும்.

ஆனால் எக்ஸ்எஸ் சடாரென்று இறங்குவது முதல் கொஞ்சம் சிலேனில்தான். பிறகு வரைகோடு படுத்துவிடும். மேற்கொண்டு ஊற்றுவது நல்ல மையங்களையும் மந்தமாக்கி விளைச்சலைத் தின்னும்.

ஓர் ஆலையில் எத்திலீன் சேர்த்த ராண்டம் கிரேடை முடித்து, வெறும் ப்ரொப்பிலீனால் ஆன ஹோமோபாலிமருக்குத் திரும்பிய இரவு, எக்ஸ்எஸ் இறங்கவில்லை. டோனரைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். விளைச்சல் சரிந்தது, எம்எஃப்ஐ (உருகிய பாலிமர் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) இறங்கியது. அதைத் தூக்க, சங்கிலியைக் குட்டையாக்கும் ஹைட்ரஜனைக் கூட்டினார்கள். எக்ஸ்எஸ் மட்டும் அசையவில்லை. காலையில் ஒரு ஃபிலிம் அழுத்தி அகச்சிவப்பில் பார்த்தால், 733 செ.மீ⁻¹ அருகே எத்திலீன் உச்சி! மறுசுழற்சி வாயுவில் எத்திலீன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க ஓட்டிய சரக்கு ஆஃப்-கிரேடு விலைக்குப் போனது.

சைலீன் இடஒழுங்கு கெட்ட சங்கிலியை மட்டுமா கரைக்கிறது? எத்திலீன் கலந்ததும் கரையும், ரொம்பக் குட்டையானதும் கரையும். டோனரால் சரிசெய்ய முடிவது முதல் வகையை மட்டும். ஆகவே முதலில் அகச்சிவப்பு; அப்புறமும் சந்தேகம் இருந்தால் கார்பன்-13 என்எம்ஆரில் எம்எம்எம்எம் பென்டாட், அதாவது அடுத்தடுத்த ஐந்து அலகுகளும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் பங்கு. அது குறைந்திருந்தால் மட்டும் பம்பிடம் போங்கள்.

சிலேனை மாற்றிவிட்டு ஹைட்ரஜனை அப்படியே விடுவது

சி-டோனரிலிருந்து டி-டோனருக்கு, அதாவது சைக்ளோஹெக்சைல் மீத்தைல் வகையிலிருந்து டைசைக்ளோபென்டைல் வகைக்கு மாறினால், அதே ஹைட்ரஜனில் எம்எஃப்ஐ இறங்கும். ப்ரொப்பிலீன் தலைகீழாக நுழைந்து மையம் தூங்கும்போது ஹைட்ரஜன் சங்கிலியைச் சுலபமாக வெட்டுகிறது. டி-டோனரில் அந்தத் தவறான நுழைவு குறைவு என்பதே வழக்கமான விளக்கம். ஐசோடாக்டிக் அளவு உயர்ந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுகிறார்கள்.

டைஈதர் வினையூக்கிக்குத் தாலேட் ரெசிபி

உள் டோனர் டைஈதராக இருந்தால், டீயல் அதை அவ்வளவு எளிதில் கழற்றாது. வெளி டோனர் இல்லாமலே ஐசோடாக்டிக் வரும். பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அலுமினியம்-சிலிக்கான் விகிதத்தைக் காகிதத்தில் நம்புவது

அலுமினியம் டீயலிலிருந்து வருகிறது, சிலிக்கான் சிலேனிலிருந்து. ப்ரொப்பிலீனில் ஈரம் வந்தால் டீயல்தான் முதலில் சாகும்; காகிதத்தில் உள்ள விகிதம் ரியாக்டரில் இருக்காது.

எக்ஸ்எஸ் சோதனையில் குளியலை அலட்சியம் செய்வது

கரைசலை 25 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். மேசைமேல் வைத்து ஆறவிட்டு, 30 டிகிரியில் வடிகட்டிய எண்ணை என்னிடம் கொண்டு வராதீர்கள்.