தினசரிப் புழக்கத்துக்குத் தோல் ஆர்கனைசர் வாங்குவது எப்படி?

தோல் ஆர்கனைசர், அதாவது உள்ளே உலோக வளையத்தில் தாள் கோத்து எழுதும் தோலட்டைக் குறிப்பேடு, வாங்கப் போனால் எல்லாரும் முதலில் தோலைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நான் வளையத்தைப் பாருங்கள் என்பேன். தையல் விட்டால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். வளையம் கோணிவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி.

அதற்கும் முன்னால் அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏ5 நல்லது. ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஏ5 (148 × 210 மி.மீ.), உள்தாளுக்காக அலைய வேண்டாம். 'பர்சனல்' அளவு (95 × 171 மி.மீ.) கைக்கு அடக்கம்தான், ஆனால் ஒவ்வொரு தாளையும் அளந்து வெட்ட வேண்டும்.

இப்போது வளையம். மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரு பாதியும் சேரும் இடத்தில் இடுக்கே தெரியக் கூடாது. துளையிட்ட தாள் ஒன்றைக் கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகப் புரட்டுங்கள். இணைப்பில் தாள் மாட்டுகிறதா? அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஒவ்வொரு பக்கமும் அதே இடத்தில்தான் கிழியும். பத்து முறையாவது திறந்து மூடிப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள்.

அப்புறம் தோல். வெட்டிய விளிம்பு எங்காவது தெரியும், அங்கே பாருங்கள். நிஜத் தோல் நார் நாராக இருக்கும். மேலே வழவழப்பு, அடியில் துணி என்றால் ரெக்சின். 'பாண்டட் லெதர்' என்பது தோல் துகளைப் பசையால் ஒட்டி மேலே பூச்சு கொடுத்தது. நான் முதலில் வாங்கியது அதுதான். இரண்டாவது மழைக்காலத்திலேயே முதுகு மடிப்பு செதில் செதிலாக உரிந்து, பைக்குள் எல்லாம் கறுப்புத் துகள். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை தோல் என்று மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. 'ஃபுல் கிரெய்ன்' கிடைத்தால் எடுங்கள். மேல்பரப்பைத் தேய்த்து எடுக்காத தோல் அது, மயிர்க்கால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெரியும்.

மரப்பட்டையில் பதனிட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது நம் ஊர்ப் பழைய முறை. அப்படிப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இப்படிப் பதனிட்ட தோல் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், கை படப் பட நிறம் ஆழமாகும்.

கடைசியாக, மூலைகளில் தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பின் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்துவிட்டால் துணியால் ஒற்றியெடுத்து, விரித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும்.