டிவியில் படம் கிழிகிறதா? என் லினக்ஸ் பெட்டியில் செய்தது

ஆறாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள மினி பிசி ஒன்றில் டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், கோடி என்ற வீடியோ பிளேயர் எல்லாம் போட்டு ஹால் டிவியில் மாட்டியிருக்கிறேன். செய்திச் சேனலின் கீழே எழுத்து ஓடும்போதும் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதும் மேல் பாதி முன்னே போக, கீழ்ப் பாதி பின்தங்கி, நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. இதைத்தான் கிழிசல் என்கிறேன். லினக்ஸ் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில், கோளாறு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தில் பச்சைக் கட்டங்கள் தெரிந்து, அவை அதிலும் பதிவானால், சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் இடத்தில் சிக்கல். கோடியில் விஏஏபிஐ-யை (விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) அணைத்துப் பாருங்கள், அப்போதும் வந்தால் பெரும்பாலும் கோப்பே கெட்டிருக்கும். டிவியில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குகின்றன, ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை என்றால் எச்டிஎம்ஐ கேபிளைச் சந்தேகப்படுங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிகாபிட் கேபிள் வேண்டும். 30-க்குக் குறைத்ததும் புள்ளி மறைந்தால் கேபிள்தான், டிரைவரை நோண்டாதீர்கள்.

கிழிசலும் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது, ஆனால் அது டிரைவர் வேலை. டிவி ஒரு ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு 'எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-வீடியோ-இன்டெல்' தொகுப்பை நிறுவி, இடிசி, அதற்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற அடைவில் (இல்லையென்றால் உருவாக்குங்கள்) '20-இன்டெல்.கான்ஃப்' என்ற கோப்பு வையுங்கள். பெயரும் உள்ளடக்கமும் ஆங்கில எழுத்தில்தான். உள்ளே ஐந்து வரி: செக்‌ஷன் "டிவைஸ்", ஐடென்டிஃபையர் "இன்டெல்", டிரைவர் "இன்டெல்", ஆப்ஷன் "டியர்ஃப்ரீ" "ட்ரூ" (கிழிசலைத் தடுப்பது இதுதான்), கடைசியில் எண்ட்செக்‌ஷன். மிகப் புதிய சிப்புகளில் இந்தப் பழைய டிரைவரைத் தொட வேண்டாம். மறுதொடக்கத்தில் திரை கறுப்பாகவே நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி உள்நுழைந்து கோப்பை நீக்கிவிடலாம்.

நான் இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது இங்கேதான். எல்லாம் சரி, ஆனால் கிழிசல் அப்படியே. டிரைவரை நீக்கிப் போட்டேன், கெர்னலை மாற்றினேன், டிவியைக்கூடத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், அலுவலக லேப்டாப்பில் விண்டோஸ் நோட்பேடில் அடித்துப் பென் டிரைவில் கொண்டுவந்த கோப்பு அது, பெயருக்குப் பின்னால் ஒரு '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருந்தது, அங்கே அந்த வால் கண்ணுக்குத் தெரியவில்லை, இங்கே டேப் விசையைத் தட்டிப் பெயரை நிரப்பியே நகலெடுத்ததால் பெயரை நான் படிக்கவும் இல்லை. '.கான்ஃப்' என்று முடியாத கோப்பை எக்ஸ் (எக்ஸ்ஆர்க், திரையில் படம் காட்டும் மென்பொருள்) கண்டுகொள்ளாது, புகாரும் சொல்லாது. அதனால் மறுதொடக்கத்துக்குப் பிறகு எக்ஸ்ஆர்க் லாகில் டியர்ஃப்ரீ என்று தேடுங்கள். அந்த வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் இரண்டு நட்சத்திரம் இருந்தால் உங்கள் கோப்பைப் படித்துவிட்டது. இப்போதெல்லாம் பெட்டியிலேயே நானோ எடிட்டரில் அடிக்கிறேன், வேறு எடிட்டரே வேண்டாம்.

அப்புறம் எக்ஸ்எஃப்சிஇ-யின் கம்போசிட்டரை (ஜன்னல்களை ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்பும் பகுதி) அணையுங்கள், அதுவும் டியர்ஃப்ரீயும் சேர்ந்தபோது எனக்குப் படம் விக்கியது. சோதிக்க எம்பிவி என்ற பிளேயர்தான் என் தேர்வு, 'ஐ' விசையைத் தட்டினால் எத்தனை ஃப்ரேம் விடுபட்டது என்று சொல்லிவிடும்.

கிழிசல் போய், நகரும் காட்சி மட்டும் சீராக இல்லையா? 24 ஃப்ரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகக் காட்ட வேண்டியிருக்கிறது, அந்தத் தடுமாற்றம் அது. கோடியின் பிளேயர் அமைப்பில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதியை இயக்குங்கள்.

பின்சேர்க்கை: எச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) 10 பிட் படம் மட்டும் திணறுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 'விஏஇன்ஃபோ' கட்டளை தரும் பட்டியலில் எச்இவிசிமெயின்10 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சிபியு தனியாக இழுக்கிறது. இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் இது சிப்பிலேயே முழுதாக வருகிறது, என் பெட்டியிலும் கிடையாது.

இன்னொருவருக்குக் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. பெட்டி நிற அளவுகளை 16 முதல் 235 வரை அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்திருக்கிறது. திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி'-யை 'ஃபுல்' ஆக்கியதும் சரியாகிவிட்டது என்றார்.