லேசர்ல குளிர வச்சுட்டா வேலை முடிஞ்சிருச்சா?

குட்டியா ஆடுற ஒரு பொருள லேசரால குளிர வச்சு குவாண்டம் நிலைக்குக் கொண்டு போறப்ப விழுற தப்புகளப் பத்தித்தான் சொல்றேன். ஜனவரி மாசம் நுவரெலியா பக்கம் கொழுந்து மேல பனி உறைஞ்சு கருகிப்போகும் பாருங்க, அந்தக் குளிரே 273 கெல்வின். அதுல 1 மெகாஹேர்ட்ஸ்ல ஆடுற குட்டிச் சவ்வு ஒண்ண வச்சா உள்ள கிட்டத்தட்ட 57 லட்சம் ஃபோனான் (ஆட்டச் சக்தியோட ஆகச் சின்னத் துணுக்கு) இருக்கும், நமக்கு வேண்டியது ஒண்ணுக்கும் கீழ. அதனால லேசர் மட்டும் போதும்னு இறங்காதீங்க, 2011ல கால்டெக் குழு 0.85 ஃபோனானுக்கு இறக்குனப்பவே கிரையோஸ்டாட்ங்கிற கடுங்குளிர்ப் பெட்டில 20 கெல்வின் பக்கத்துல இருந்துதான் தொடங்குனாங்க.

அடுத்தது நானே பண்ண தப்பு. ஹட்டன்ல வீட்டுல இருந்து சிமுலேஷன் ஓட்டுறேன், வெளிய மழை, கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, ஃபோனான் குறையாம ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு மணி நேரம் மண்டைய உடைச்சுப் பாத்தா டீட்யூனிங்ல, அதாவது லேசருக்கும் கேவிட்டிக்கும் (ஒளிய உள்ளயே அடைச்சு வைக்கிற கூடு) உள்ள மீடிறன் வித்தியாசத்துல, ஒரு மைனஸ விட்டிருக்கேன். லேசரோட மீடிறன் கேவிட்டிக்குக் கீழ, அதாவது சிவப்புப் பக்கம் இருந்தா ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஆட்டத்துக்கிட்ட சக்திய வாங்கிட்டு வெளிய போகும், நீலப் பக்கம்னா குடுத்துட்டுப் போகும். லயத்துல சேலைத் தொட்டில் மாதிரிதான், வரும்போது தடுத்தா நிக்கும், போகும்போது தள்ளினா செவுத்துல முட்டும். அதுக்காக நீலத்த ஒதுக்கவும் ஏலாது, ஒளியையும் ஆட்டத்தையும் குவாண்டம் முறைல பின்னிப்பிணைக்க அதுதான் வேணும், குட்டிப் பல்ஸா குடுக்கணும்.

குளிரலன்னு பவர ஏத்துறதும் வேணாம், கருவி சிலிக்கானா இருந்தா ஒளிய உறிஞ்சி சூடாயிரும்.

எனக்குப் பெரிய தப்பாத் தெரியுறது கிரவுண்ட் ஸ்டேட் (ஃபோனான் கிட்டத்தட்ட இல்லாத நிலை) வந்ததும் கைதட்டுறது. அது துடைச்ச சிலேட்டு, எழுத்து இன்னும் விழல. பலமான லேசர் போட்டா ஒளிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள இடைவினை லீனியராயிரும் (நேர்விகிதமாயிரும்), காஸியன் நிலை (மணி வடிவமாப் பரவுற சாதா நிலை) காஸியனாவே இருக்கும், மிஞ்சிப்போனா ஸ்க்வீஸிங் (ஒரு பக்க நடுக்கத்தக் குறைச்சு இன்னொரு பக்கம் கூட்டுறது) கிடைக்கும். ஒத்த ஃபோனான் வேணும்னா ஃபோட்டான எண்ணணும்: பலவீனமான நீலப் பல்ஸ் ஒண்ணு, டிடெக்டர் ஒரு கிளிக் அடிச்சா உள்ள ஒரு ஃபோனான் சேந்திருச்சுன்னு அர்த்தம், பெறகு சிவப்புப் பல்ஸால அத வெளிய எடுத்துப் பாக்கலாம். 2017ல வியன்னா, டெல்ஃப்ட் ஆளுங்க செஞ்சது இதுதான்.

செஞ்ச நிலை தங்குமான்னு கணக்குப் போடாம விட்டுறாதீங்க. Q (ஆட்டம் எவ்வளவு நேரம் அடங்காம ஓடும்னு சொல்ற எண்) ஒரு கோடி இருக்குற சவ்வானாலும் அதே நுவரெலியா குளிருல ஒரு முழு ஆட்டம் முடியிறதுக்குள்ள மூணு நாலு ஃபோனான் வெளியருந்து வந்து ஏறியிருக்கும்.