பழைய பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்க ஒரு பட்டை கூடுதல்

என் டாடா 207 இருபது வயதைத் தாண்டிவிட்டது. பாரம் இல்லாமல் நின்றாலே குந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தோப்பிலிருந்து மட்டையோடு ஐந்நூறு தேங்காய் ஏற்றினால் பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் போய், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் ரப்பர் முட்டில் இடிக்கும். புது ஸ்பிரிங் செட் வாங்க மனசு வரவில்லை. பின் ஸ்பிரிங் என்பது வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கட்டுதான். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுச் சரிசெய்தேன். இப்போது ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. வேலையை ஒரு நாளில் முடித்தேன். அதில் செய்த ஒரு தப்பைச் சரிசெய்ய இன்னொரு நாள் போனது. அந்தத் தப்புதான் இதை எழுத வைத்தது, அதனால் அங்கே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், சக்கரம் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அளந்து வையுங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து நேர் மேலே பாடி விளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். அப்புறம் பின் ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட்டிலிருந்து (ஸ்பிரிங்கின் சுருட்டிய நுனியைச் சேசிஸோடு மாட்டும் போல்ட்) பின் ஆக்சில் வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். இந்த இரண்டாவது அளவை நான் எடுக்கவில்லை. பின்னால் பட்டேன்.

பட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஏதோ ஒரு பட்டை உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லாப் பட்டைகளையும் நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டித்தான் பெரும்பாலும் விரிசல் விடும், அது பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யு போல்ட்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். உடைந்த கட்டோடு புதுப் பட்டை சேர்ப்பது ஓட்டைக் குடத்தை விளக்கி வைக்கிற வேலை.

பட்டை வாங்குவது

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை பெட்டி போட்டுக் கிட்டாக விற்கிறார்கள். நமக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் பட்டறைதான் கதி. அது ஒன்றும் குறைச்சல் இல்லை, அளவு சொன்னால் வெட்டி, வளைத்து, துளை போட்டே தருவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியவை அகலம், கனம் (தடிமன்), நீளம், வளைவு, துளை எங்கே என்பது.

அகலம் பழைய பட்டையோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். கனத்தில் பேராசை வேண்டாம். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது 7 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. என் வண்டியில் ஒரு பக்கம் ஐந்து பட்டை. அதே கனத்தில் ஆறாவது சேர்ந்தால் மொத்த விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். வெறும் வண்டி ஓட்டும்போது இடுப்பு அதை உணரும். இதற்கு மேலே போகாதீர்கள்.

நீளத்தில் இரண்டு வகை உண்டு. மேலிருந்து இரண்டாம் பட்டையைவிடக் கொஞ்சமே குட்டையான நீளப் பட்டை ஒன்று. இரண்டடி நீளத்தில், அதிகம் வளைந்த குட்டைப் பட்டை இன்னொன்று. குட்டைக்கு விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் அதன் நுனி மேலே இருக்கும் பட்டையை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில்தான் அந்த மேல் பட்டை ஒருநாள் ஒடியும். நான் நீளப் பட்டைக் கட்சி.

வளைவுதான் உயரத்தைத் தருவது. கனம் இல்லை. தாழ்ந்துபோன பழைய பட்டையைக் கொண்டுபோய் "இதே மாதிரி" என்று கேட்டால் அதே தாழ்ந்த வளைவில் ஒன்று கிடைக்கும். விறைப்பு கூடும், வண்டி பெரிதாக உயராது. பழையதைவிட வளைவு கூடியிருக்க வேண்டும், கட்டில் இறுக்கும்போது அது தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும், அப்போதுதான் மற்ற பட்டைகளை மேலே தள்ளும்.

துளை எப்போதும் நடுவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல வண்டிகளில் முன்பாதி ஒரு நீளம், பின்பாதி ஒரு நீளம். பழைய பட்டையில் துளையிலிருந்து இரண்டு நுனிக்கும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள். பட்டையில் சாக்பீஸால் "முன்" என்று எழுதிவிடுங்கள்.

பட்டறையில் பழைய லாரிப் பட்டையை வெட்டித் தருகிறேன் என்றார்கள், பாதி விலைக்கு. வேண்டாம் என்றேன். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டை அருமையான இரும்பு. ஆனால் எத்தனை லட்சம் குலுக்கல் வாங்கியது என்று தெரியாத பட்டையை மறுபடி வண்டிக்கே போடுவது வேறு கதை.

கூடவே நான்கு புது யு போல்ட், நட்டுகள், இரண்டு புது சென்டர் போல்ட். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடலாமா என்று கேட்காதீர்கள். அது ஒருமுறை இறுக்கி இழுபட்டது, மரையும் தேய்ந்திருக்கும். தவிர, கட்டின் கனம் கூடுவதால் நீளமும் பற்றாது. எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

கருவிகள்

அரை அங்குல டிரைவ் சாக்கெட் செட், அதில் மாட்ட நீளமான பைப், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச், பட்டைகளை அமுக்கிப் பிடிக்க நல்ல சி-கிளாம்ப் இரண்டு, கம்பி பிரஷ், ஹேக்சா அல்லது கிரைண்டர், ஜாக்கி இரண்டு, ஸ்டாண்ட் இரண்டு. ஸ்பேனரில் எனக்கு தபாரியா கம்பெனியே போதும். சி-கிளாம்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. துருவுக்கு ஸ்பிரே டப்பா வாங்கலாம். நான் முதல் நாள் ராத்திரியே டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து எல்லா நட்டிலும் ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

கேஸ் வைத்துச் சுட்டு நட்டைக் கழற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பட்டை பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் இரும்பின் பதம் போய்விடும். அடம் பிடிக்கும் நட்டை வெட்டி எறியுங்கள், எப்படியும் புது யு போல்ட்தானே.

கழற்றுவது

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, பின் ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்குச் சற்று முன்னால் சேசிஸின் கீழ் ஸ்டாண்ட் கொடுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். ஹாலோ பிளாக், செங்கல் கூடவே கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், நீங்கள் கீழே படுத்திருப்பீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் கட்டியிருந்தால்தான் ஆக்சில் ஓடிப்போகாது. சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டு வைத்து, ஷாக் அப்சார்பரின் கீழ்முனையை விடுவித்து, யு போல்ட்டுகளை எடுங்கள். பிறகு ஆக்சிலை இரண்டு மூன்று அங்குலம் இறக்குங்கள். பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள், இழுபடக் கூடாது.

கண் போல்ட்டையும், ஸ்பிரிங்கின் பின் நுனியைச் சேசிஸோடு இணைத்து ஆடும் ஷேக்கிளையும் நான் தொடவே இல்லை. மேலே இருக்கும் மெயின் பட்டை தொங்கியபடியே இருக்க, மற்ற பட்டைகளை மட்டும் பிரித்தேன். கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால்தான் முழுக்கக் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

இப்போது சி-கிளாம்ப். சென்டர் போல்ட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் போட்டு, பட்டைகளை நன்றாக இறுக்கிப் பிடித்த பிறகுதான் சென்டர் போல்ட் நட்டில் கை வைக்க வேண்டும். அந்தக் கட்டு அமுங்கி நிற்கும் வில். கிளாம்ப் இல்லாமல் நட்டை எடுத்தால் பட்டை எகிறும், முகம் எங்கே இருக்கிறது என்று அதற்குக் கவலை கிடையாது. நட்டை எடுத்ததும் இரண்டு கிளாம்பையும் மாறி மாறி, சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஓரங்களில் பட்டைகளைப் பிடிக்கும் கிளிப்புகள் மடக்கியவையாக இருந்தால் சுத்தியலால் நிமிர்த்துங்கள். போல்ட் போட்டவையாக இருந்தால் கழற்றுங்கள்.

பட்டையை நுழைப்பது

இது சின்ன வேலை. பழைய பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நீள வரிசையில் தன்னைவிட நீளமானதற்குக் கீழே, குட்டையானதற்கு மேலே புதுப் பட்டையை வையுங்கள். நுனியின் மேல் விளிம்பை முன்கூட்டியே கிரைண்டரில் உருட்டிவிடுங்கள். பட்டைகளுக்கு நடுவில் மெல்லிசாக கிராஃபைட் கிரீஸ் தடவினேன். தடவக் கூடாது, மண் ஒட்டும் என்பவர்களும் உண்டு. எனக்குக் கிறீச் சத்தம் ஆகாது.

துளைகளை ஒரு நுனி கூர்ந்த பன்ச்சை விட்டு ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிளாம்புகளை மெதுவாக இறுக்கி, சென்டர் போல்ட்டைக் கோத்து நட்டைப் போடுங்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டியில் போல்ட்டின் தலை கீழே வர வேண்டும்.

நான் தடுக்கி விழுந்த இடம்

அந்தத் தலை வெறும் தலை இல்லை. ஆக்சிலின் மேலே பட்டை உட்காரும் பேடில் ஒரு துளை உண்டு. சென்டர் போல்ட்டின் உருண்டைத் தலை அதற்குள் இறங்கி உட்காரும். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் இடத்தைக் காட்டுவது அதுதான். யு போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவே.

இடதுபக்கப் புது போல்ட்டை நான் தொலைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே கனத்தில் ஒரு சாதாரண ஆறுமுகத் தலை போல்ட் வாங்கி மாட்டினேன். அந்தத் தலை துளையைவிட அகலம். உள்ளே இறங்காமல் விளிம்பிலேயே உட்கார்ந்தது. யு போல்ட்டை இறுக்கியதும் எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. நாற்பது கிலோமீட்டர் ஓட்டியபின் ஸ்டீயரிங்கைச் சற்று இடதுபக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. பின்னால் பைக்கில் வந்த நண்பர், "என்னங்க, வண்டி நண்டு மாதிரி போகுது" என்றார். அளந்தால் வலதுபக்கத்தைவிட இடதுபக்க ஆக்சில் 8 மி.மீ. பின்னால் போயிருந்தது. வலதுபக்கம் அசையவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்.

ஆகவே சென்டர் போல்ட்டை ஸ்பிரிங் பட்டறையிலேயே வாங்குங்கள், பழையதன் தலையோடு புதியதன் தலையை வைத்துப் பாருங்கள். உட்கார்ந்ததா என்று சோதிக்க, பேடின் துளையைச் சுற்றிச் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கிக் கட்டோடு சேர்த்து, மறுபடி இறக்கிப் பாருங்கள். துளை விளிம்பில் மட்டும் சாக்பீஸ் அழிந்து, சுற்றியுள்ள பேடில் அப்படியே இருந்தால் தலை வெளியே நிற்கிறது. பட்டைக்கும் பேடுக்கும் நடுவே டார்ச் வெளிச்சம் கசிந்தாலும் அதே அர்த்தம்.

இறுக்குவது

யு போல்ட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, நான்கு முனையிலும் மரை ஒரே அளவு வெளியே தெரியும்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரென்ச், அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளது. பைப் போட்டு ஏறி மிதிப்பது அளவு ஆகாது. கிளிப்புகளை மடக்கி, ஷாக்கை மாட்டி, சக்கரம் போட்டு, மறுபக்கத்துக்குப் போங்கள்.

100 கிலோமீட்டர் ஓட்டியதும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், 500-இல் இன்னொரு முறை. பட்டைகள் ஒன்றோடொன்று உட்காரும்போது நிச்சயம் தளரும். எனக்கு முதல் முறை ஒவ்வொரு நட்டும் கால் சுற்று போனது. உயரமும் அப்படித்தான், முதல் நாள் இரண்டு அங்குலம் காட்டியது இரண்டு வாரத்தில் ஒன்றரையில் நின்றது.

பின்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும். அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பட்டை கூடியதால் ஆர்சியில் உள்ள எடை அளவு கூடிவிடாது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான்.

பின்சேர்க்கை: பிரேக்

பழைய ஹைலக்ஸ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், பட்டை போட்ட பிறகு பின் பிரேக் மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். இதை நான் எழுதாமல் விட்டது தப்பு. அந்த வண்டியிலும் இன்னும் பல பிக்கப்களிலும் பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு சேசிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். சேசிஸ் ஆக்சிலைவிட்டு விலகினால் வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். நீங்கள் வண்டியைத் தூக்கிவிட்டதால், பாரம் ஏற்றினாலும் அது பாதி காலி என்றே நினைக்கும். கம்பியின் ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை, வண்டி உயர்ந்த அளவுக்கே உயர்த்த வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் பிரேக் தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

"ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயரமாக நிற்கிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் எழுதி வைத்த அளவை எடுத்துப் பாருங்கள். மூவரில் இருவர் வண்டியில் பட்டை போடுவதற்கு முன்பே அந்த வித்தியாசம் இருந்திருக்கிறது. மூன்றாமவர் அளக்கவே இல்லை.